மாதிரிக் கம்பளியின் மற்றப் பாதி

"வந்து சேர்ந்த சரக்கு மாதிரியைவிடக் குறைவாக இருக்கிறது என்று கண்டால், கந்தோரில் உள்ள மாதிரிப் பாதியையும் கொந்தராத்துக்காரரிடம் உள்ள மாதிரிப் பாதியையும் ஒரே தராசில், அவர் முன்னிலையில் நிறுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு எழுத்தில் விளக்கம் தர அவருக்குப் பதினான்கு நாள் தவணை கொடுக்க வேண்டும். அதற்கு முன் எவருடைய பெயரையும் பட்டியலிலிருந்து வெட்டக் கூடாது."

இது எங்கள் கந்தோரின், அதாவது அலுவலகத்தின், கொள்முதல் விதிகளில் பதினோராவது. இதை எழுதியவன் நான். முப்பது வருட உத்தியோகத்தில் இதை ஒரே ஒரு முறை மீறியவனும் நான்தான். மற்ற எல்லாருக்கும் இந்த விதி ஒழுங்காகக் கிடைத்தது. யாருக்குக் கிடைத்திருக்க வேண்டுமோ அவருக்குக் கிடைக்கவில்லை.

கண்டியில், புகையிரத நிலையத்துக்குப் போகும் வீதியில், மேல்மாடியில் எங்கள் கந்தோர். தெல்தோட்டைப் பக்கமும் நாவலப்பிட்டிப் பக்கமும் இருந்த சில தேயிலைத் தோட்டங்களுக்கு வேண்டியதை எல்லாம் வாங்கி அனுப்புவது அங்கே நடந்த வேலை. தேயிலையைத் தவிர ஒரு தோட்டத்துக்கு எதுவெல்லாம் தேவையோ அதெல்லாம் என் பொறுப்பு. அரிசி, விறகு, தேயிலைப் பெட்டி, கொழுந்துக் கூடை, மண்வெட்டி, கம்பளி. யாரிடம் வாங்குவது, சொன்ன நாளில் வருகிறதா, சொன்ன தரத்தில் வருகிறதா, வராவிட்டால் யாருக்கு எத்தனையாவது எச்சரிக்கைக் கடிதம் என்பதையெல்லாம் நான் பார்த்தேன். என் பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. தோட்டங்களில் என்னைக் கொந்தராத்து ஐயா என்றார்கள். அது சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது.

கொந்தராத்துக்காரர்களோடு, அதாவது ஒப்பந்தம் எழுதிச் சரக்குத் தருபவர்களோடு, பழகுவது ஒரு தனிக் கலை என்று சொல்லுவார்கள். எனக்கு அது கலையாக இருக்கவில்லை, விதியாக இருந்தது. உதாரணத்துக்கு, கடுகண்ணாவையிலிருந்து விறகு அனுப்பிய மனிதர் டிசம்பரில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு வாழைக்குலை அனுப்புவார். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்பது நான்காம் விதி. நான் குலையைத் திருப்பி அனுப்பி, கூடவே திருப்பியதற்கு ஒரு சீட்டும் அனுப்புவேன். அவர் அந்தச் சீட்டோடு இரண்டு குலை அனுப்புவார். இது பல வருடம் நடந்தது. நான் ஓய்வு பெற்ற வருடம் குலை வரவில்லை. அப்போது வாங்கியிருக்கலாம்.

நான் வருவதற்கு முன் கந்தோரில் தரம் பார்ப்பது என்றால் கந்தோரின் தலைவரான வெள்ளைக்காரத் துரை தன் கைத்தடியால் சரக்கைத் தட்டிப் பார்ப்பது. நல்ல சத்தம் வந்தால் நல்ல சரக்கு. கம்பளியைத் தட்டினால் எந்தச் சத்தமும் வராது என்பதால் அதை மட்டும் முகர்ந்து பார்த்தார்கள். நான்தான் பாதி மாதிரி முறையைக் கொண்டு வந்தேன். கொந்தராத்து எழுதும் அன்றே ஒரு முழுக் கம்பளியைக் கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டுவோம். இரண்டு பாதியையும் மடித்து, கயிறு போட்டுக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்து, சீட்டில் இருவரும் கையெழுத்திடுவோம். ஒரு பாதி கந்தோர் அலுமாரிக்கு. மறு பாதி அவருக்கு. சரக்கு வரும்போது கந்தோர்ப் பாதியை நிறுத்து, அதை இரண்டால் பெருக்கி, வந்த கம்பளியின் எடையோடு ஒப்பிடுவோம். இரண்டு தரப்பிலும் சாட்சி இருந்தது. இதைவிட நேர்மையான முறை இருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன். முறையைப் பற்றி இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கம்பளி வழங்கியவர் அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி. கண்டியில் கடை. தென்னிந்தியாவிலிருந்து கறுப்புக் கம்பளி தருவித்துத் தோட்டங்களுக்குக் கொடுப்பது அவர் தொழில். மழையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொள்வது அதைத்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை, அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல, நானா என்று அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய மாதிரியை வெட்டிய அன்று, கத்தரிக்கோல் கம்பளியின் நடுவைத் தாண்டியதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்ல கம்பளிய நாசமாக்கிட்டீங்களே தம்பி. இத மூடுறதுக்கு இனி எங்க போய் அர ஆள் தேடுறது?"

"ஆள் மூடுறதுக்கு இல்ல நானா. சண்ட வந்தா தீர்க்கிறதுக்கு."

"நமக்குள்ள என்ன சண்ட வரப் போகுது?" என்று கையெழுத்திட்டார். அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக, ஒரே இழுப்பில் போடும் கையெழுத்து அது.

1926ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டுக்கு என்னை அழைத்தார். நான்காம் விதியை எடுத்துப் பார்த்தேன். கந்தோருக்கு வரும் பொருளைத்தான் அது தடுத்தது. இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனேன். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். கண்டி சிறிய ஊர். மூன்றாம் நாள் கந்தோரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கிண்ணக் கணக்கு உட்பட.

அடுத்த வருடம் மார்ச்சில் கம்பளி வந்தது. மே மாத மழைக்கு முன் அது தோட்டங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். வெயில் காய்ந்த காலம். கட்டுகளிலிருந்து பத்துக் கம்பளி எடுக்கச் சொன்னேன். அலுமாரியைத் திறந்து மாதிரிப் பாதியையும் எடுக்கச் சொன்னேன். எங்கள் பியூன் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்தவர், வேலையில் எனக்கு மூத்தவர். அவர்தான் எடுத்துத் தராசில் வைத்தார்.

"ஐயா, நம்ம பாதி கொஞ்சம் நசநசன்னு இருக்கிற மாதிரி இருக்குங்க."

"அரக்கு வைச்ச மாதிரியத் தடவிப் பார்க்க உனக்கு யார் சொன்னது?"

"தடவலீங்க. தூக்கி வைக்கச் சொன்னீங்க. தூக்கினேன்."

"தூக்கு. தடவாதே."

முத்திரை வைத்த மாதிரியைத் தராசில் வைப்பதைத் தவிர வேறு எதற்கும் தொடக் கூடாது என்பது ஒன்பதாம் விதி. அதையும் எழுதியவன் நான். அதனால் நான் தொடவில்லை. பாதியின் எடையை இரண்டால் பெருக்கினேன். பத்துக் கம்பளியையும் ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஒவ்வொன்றும் ஏழு அவுன்சு குறைந்தது.

துரையிடம் சொன்னேன். அவர் கடிதம் ஒன்றைப் படித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், ஆங்கிலத்தில் கேட்டார்: "அவர் உன்னுடைய சிநேகிதர் அல்லவா?"

அதில் குத்தல் இருந்ததா என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். இருந்திருக்காது. அந்த மனிதருக்குக் குத்திக் காட்டும் அளவுக்கு என்னில் அக்கறை கிடையாது. ஆனால் எனக்கு அந்த இரண்டு கிண்ணம் ஞாபகம் வந்தது. கந்தோரில் எனக்குச் சிநேகிதர்கள் இல்லை என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். நல்லது, கொழும்பில் ஒருவர் ஒரு கிழமையில் அனுப்புவாராம், தாமதிக்காதே என்றார். அவ்வளவுதான். அவர் என்னிடம் விதியை மீறச் சொல்லவே இல்லை.

அன்று பிற்பகல் நானா வந்தார். நோன்பு காலம். உதடு காய்ந்திருந்தது. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தம்பி, நோம்பு வச்ச வாயால சொல்றன். ஒரு நூல் கொறயல்ல. என்ட பாதி கடையில பத்திரமா ஈக்குது. இப்பவே போய் எடுத்திட்டு வாறன். ரெண்டயும் ஒண்டா வச்சி என்ட கண்ணுக்கு முன்னால நிறுத்துப் பாருங்கொ. எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

"நிறுத்தாச்சு முதலாளி."

அதுவரை நானா என்று அழைத்த வாய். அந்த முதலாளி அவர் காதில் விழுந்ததைப் பார்த்தேன்.

"எனக்கு முன்னால நிறுக்கல்லயே."

"பத்து நிறுத்தேன். பத்திலயும் ஏழு அவுன்சு குறைவு."

"அதத்தான் நானும் கேக்கிறன். பத்துலயும் ஒரே அளவு எப்பிடிக் கொறயும்? களவெடுக்கிறவன் இவ்வளவு நேர்த்தியாவா களவெடுப்பான்?"

பக்கத்து அறையில் தட்டச்சு சத்தம் நின்றிருந்தது. இரண்டு கிளாக்கர்களும் காதைக் கதவோரம் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருடைய பாதியை எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். கடை ஐந்து நிமிட நடை. பதினோராம் விதி அதைத்தான் கட்டளையிட்டது, சலுகையாகக்கூட அல்ல. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குச் சலுகை போலத் தெரிந்தது. வேறு எந்தக் கொந்தராத்துக்காரர் கேட்டிருந்தாலும் விதியைக் காட்டி வரவேற்றிருப்பேன். இவர் வீட்டில் சாப்பிட்டிருந்ததால், விதி கொடுத்ததைக்கூட இவருக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் நேர்மை என்று என் புத்தி சொன்னது. படித்தவனின் புத்தி சில நேரம் இப்படி வேலை செய்யும்.

"முடிவு எடுத்தாச்சு" என்றேன்.

கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி ஐயா" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து எனக்குத் தம்பி வரவே இல்லை.

எடைக் குறைவுக்காகப் பெயர் நீக்கம் என்று கடிதம் தட்டச்சு செய்து, தோட்டங்களுக்கெல்லாம் ஒவ்வொரு பிரதி, கண்டியிலும் கொழும்பிலும் எங்களைப் போன்ற மற்றக் கந்தோர்களுக்கும் பிரதி அனுப்பினேன். பிரதி அனுப்புவது பதின்மூன்றாம் விதி. அதை ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன்.

அந்த வருடப் பெருநாளுக்கு அழைப்பு வரவில்லை. வாழைக்குலை அனுப்பும் விறகுக்காரர்தான் ஒரு நாள் சொன்னார், கம்பளி முதலாளியைப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காராக்க இருந்தார்களாம், எடை குறைத்தவர் என்று கடிதம் ஊர் சுற்றிய பிறகு அவரே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டாராம் என்று. எங்கள் கந்தோர் மட்டுமல்ல, வேறெந்தக் கந்தோரும் அவரிடம் கம்பளி வாங்கவில்லை. கடையில் குடையும் அரிக்கன் விளக்கும் தொங்க ஆரம்பித்தன.

கொழும்புக் கம்பளி சொன்ன எடையில், ஒரு அவுன்சு பிசகாமல் வந்தது. கொழும்புக்காரர் கந்தோருக்கு வந்து நானாவின் மாதிரியில் எங்களிடம் இருந்த பாதியின் எடையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருந்தார். ஜூன் மாதம் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். மழை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். எல்லார் தலையிலும் என் கம்பளி. புதுக் கம்பளி எப்படி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இதக் கம்பளின்னு ஐயாவுக்கு யாரு சொன்னது?" என்றாள் முன்னால் நின்றவள். "வெயில்ல மரப்பலக மாதிரி வெறச்சுக்கிட்டு நிக்குது. மழ பட்டா கஞ்சியா ஊத்துது. ஒரு சட்டிய வச்சுப் புடிச்சா ராத்திரிக்குக் கூழு ஆயிரும்."

"கொஞ்சம் உப்பு மட்டும் ஐயா அனுப்பி வைங்க" என்றாள் பின்னால் இன்னொருத்தி.

வரிசை முழுவதும் சிரித்தது. கங்காணி அதட்டினார், அவருடைய மீசைக்கடியிலும் சிரிப்பு இருந்தது. ஒரு கம்பளியை வாங்கிப் பிழிந்து பார்த்தேன். விரல் பிசுபிசுத்தது. புளியங்கொட்டைப் பசை. எடை வருவதற்காக நூலில் பசையை ஏற்றியிருந்தார்கள். நல்ல கம்பளியில் அந்த எடை வராது என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. கொழும்புக்காரர் கள்ளர் என்று மட்டும் விளங்கியது. அவரைக் கண்டிக்கு அழைத்து, அவருடைய மாதிரியின் இரண்டு பாதியையும் அவர் முன்னிலையில் நிறுத்து, பதினான்கு நாள் தவணை கொடுத்தேன். பதினோராம் விதி அவருக்கு முழுமையாகக் கிடைத்தது.

நத்தாருக்கு முன் கந்தோருக்கு வெள்ளையடித்தார்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து நகர்த்த நான்கு பேர் வேண்டியிருந்தது. நகர்த்தியதும், பின்னாலிருந்த சுவர் இடுப்பளவுக்கு மேல் பச்சையாக இருந்தது. மேசன் கையை வைத்துப் பார்த்து, இது சுவர் இல்லை, ஊற்று என்றான். சன்னலால் எட்டிப் பார்த்தேன். மலைச்சரிவு ஊர் இது. எங்கள் மேல்மாடியின் பின்சுவர், மேட்டில் இருந்த பக்கத்துத் தேநீர்க் கடையின் பின்முற்றத்தோடு ஒரே மட்டத்தில் இருந்தது. கடைக்காரர் அந்தச் சுவரையே ஒரு பக்கமாக வைத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார். எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன். ஒன்றரை வருடம் இருக்கும் என்றார். நாங்கள் மாதிரியை முத்திரை வைத்து அலுமாரிக்குள் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் திரும்பி வந்து ஒன்பதாம் விதியை மீறினேன். மாதிரிப் பாதியைக் கையில் எடுத்தேன். மழையில் நனைந்த நாயைத் தொட்டதுபோல் இருந்தது.

முத்திரை உடையாமல், கயிறு அவிழாமல், பின் விறாந்தையில் மூன்று நாள் வெயிலில் போட்டோம். நான்காம் நாள் பியூன் அதைத் தராசில் வைத்தார். மார்ச்சில் எழுதிய எடையிலிருந்து மூன்றரை அவுன்சு குறைந்திருந்தது. பாதிக்கு மூன்றரை என்றால் முழுக் கம்பளிக்கு ஏழு.

பியூன் தராசையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அதட்டியிருப்பேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உள்ள வச்சிரவாங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்ப்பதற்கும் விதி உண்டு. இருபத்திரண்டாவது. நீக்கிய அதிகாரி தன் பிழை என்ன என்று எழுதி, துரையின் கையெழுத்தோடு கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு அனுப்பிச் சம்மதம் பெற வேண்டும். எழுத உட்கார்ந்தேன். 'பதினோராம் விதி கடைப்பிடிக்கப்படவில்லை' என்று ஒரு வரைவு. யார் கடைப்பிடிக்கவில்லை என்று அதில் இல்லை. அதைக் கிழித்து, 'என்னால் கடைப்பிடிக்கப்படவில்லை' என்று இன்னொன்று. அதையும் கிழித்தேன். பிறகு துரை ஊருக்கு விடுமுறையில் போனார். அவருக்குப் பதிலாக வந்த துரைக்கு விஷயம் தெரியாது. பிறகு வருட முடிவு. பிறகு வருட ஆரம்பம். காரணங்களுக்கு எங்கள் கந்தோரில் என்றும் பஞ்சம் வந்ததில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். விதிகளைத் திருத்தினேன். மாதிரிகளைத் துத்தநாகத் தகடு அடித்த பெட்டியில், ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். நிறுக்கும் முன் மாதிரியையும் சரக்கையும் ஒரு முழு நாள் ஒரே அறையில் காற்றாட விட வேண்டும். திரும்பி வந்த துரை அதைப் படித்துவிட்டு மிக நன்று என்றார். விதிப் புத்தகம் திருந்திவிட்டது. நானாவின் கடையில் இன்னும் குடைகள்தான் தொங்கின.

நான் கத்தோலிக்கன்; அடுத்த வருடம் பாஸ்கு, அதாவது ஈஸ்டர், காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சுவாமியாரிடம் இதைச் சொன்னேன். சுருக்கமாகத்தான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மனிதரிடம் இதைச் சொன்னீரா?"

"இல்லை சுவாமி."

"பிறகு என்னிடம் ஏன் வந்தீர்? கம்பளி விற்றது நானோ? முதலில் அவரிடம் போம்."

போவதென்று தீர்மானித்தேன். பாஸ்கு முடியட்டும் என்று இருந்தேன். நான் போவதற்கு முன் அவர் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, கையில் குடையோடு வீட்டு வாசலில் நின்றார். இந்த முறை கதிரையில் உட்கார்ந்தார். மனைவி தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு உள்வாசலில் நின்றாள். டிசம்பரில் நடந்ததை அவளிடம் சொல்லியிருந்தேன்.

"ஐயா, நான் ஹஜ்ஜுக்குப் போறன். கப்பல் ஏறுறதுக்கு முன்னால பழகின ஆக்கள்கிட்ட எல்லாம் பொருத்தம் கேக்கணும், மன்னிப்புத்தான். போற இடத்திலயே மௌத்தானாலும் ஒருத்தருக்கும் என்னில மனக்கொற ஈக்கக் கூடாது. அதுதான் வந்தன். என்ட கையால, நாவால உங்களுக்கு ஏதும் வருத்தம் வந்தீந்தா பொருந்திக்கொங்க."

நான் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். மாதிரி ஈரமாக இருந்தது. உங்கள் கம்பளி சரி. அவர் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு மெதுவாக,

"அந்தக் கம்பளி விஷயத்திலயும் என்ட பக்கம் பிழ ஈந்தா..." என்று நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

அவர் அந்த இடத்தில் நிறுத்தியது எனக்காக. இன்று அது தெரிகிறது. அன்றும் தெரிந்திருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்:

"அதெல்லாம் பழைய கதை. நான் எப்பவோ மறந்திட்டேன்."

"மறந்திட்டீங்க" என்றார். கேள்வியாக அல்ல. கோப்பையில் மீதி இருந்ததைக் குடித்து முடித்தார். "நல்லது ஐயா. துஆ செய்றன்."

வாசல் படலை வரை போய் வழியனுப்பினேன். பெருந்தன்மையோடு மன்னித்துவிட்ட மனிதனைப்போல அங்கே நின்று கையும் அசைத்தேன். திரும்பி வந்தபோது மனைவி கோப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு கேட்டுட்டுப் போறாரு. நீங்க எப்ப கேக்கப் போறீங்க?"

"போய் வரட்டும். வந்ததும் சொல்லுறேன்."

"வராட்டி?"

வந்தார். நல்ல சுகத்தோடு, தாடி வளர்த்து, ஹாஜியாராக வந்தார். அதனால் அவசரம் போய்விட்டது. அடுத்த பத்து வருடம் நானும் அவரும் ஒரே ஊரில் இருந்தோம். கடைக்கு முன்னால் போனால் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைப்பார். நானும் தலையசைப்பேன். கண்டியில் வருடத்தில் பாதி நாள் மழை. அந்தப் பத்து வருடத்தில் நான் வாங்கிய குடைகள் எல்லாம் வேறு கடையில் வாங்கியவை.

முப்பத்தெட்டில் ஓய்வு பெற்றேன். கணக்கு ஒப்படைக்கும்போது பழைய மாதிரிகளை எரித்து, அழித்ததாகச் சான்று எழுத வேண்டும். எழுதினேன். எல்லாவற்றையும் எரித்தேன், ஒன்றைத் தவிர. அந்தப் பாதியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியின் பெட்டியில் பூச்சி உருண்டைகளோடு வைத்தேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய ஒரே பொய்ச் சான்று அதுதான் என்று பெருமைப்படலாம், எடைக் குறைவுக் கடிதத்தைச் சேர்க்காவிட்டால்.

ஆகஸ்டில் ஒரு நாள் உட்கார்ந்து எழுதினேன். இந்த முறை யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அதனால் கிழிக்க முடியவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதினேன்: தண்ணீர்த் தொட்டி, மூன்றரை அவுன்சு, டிசம்பர், அதன் பிறகும் அவர் என் வீட்டுக்கு வந்த அன்று நான் சொல்லாமல் விட்டது. பதினோராம் விதியை முழுவதுமாகப் பிரதி செய்து கீழே சேர்த்தேன். கந்தோர்ப் பாதி என்னிடம் இருக்கிறது, உங்கள் பாதி இன்னும் இருந்தால் எந்த நாள் சொன்னாலும் உங்கள் முன்னிலையில் இரண்டையும் நிறுக்கிறேன் என்று முடித்தேன். 'நானா' என்று தொடங்கியிருந்தேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். வீட்டிலிருந்து அவர் கடைக்கு நடந்து போனால் கால் மணி நேரம். நடக்கவில்லை. எழுத்தில்தான் எனக்குப் பழக்கம்.

பதினான்கு நாள் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டதாக மனைவியிடம் சொல்லிவிட்டுத் தொடர்ந்து எண்ணினேன். கடைக்கு முன்னால் போவதையும் நிறுத்தினேன். ஒரு நாள் விறகுக்காரரை வழியில் கண்டபோது, ஹாஜியார் கடையை மகனிடம் விட்டுவிட்டு அக்குறணைக்குப் போய்விட்டார், கால் நடை குறைவு என்றார்.

"கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது" என்றேன் மனைவியிடம்.

"சேர்ந்திருக்கும்" என்றாள். "நீங்க பத்து வருஷம் எடுத்தீங்க. அவரு கொஞ்சம் எடுத்துக்கிட்டா என்ன?"

மழை விட்டு வெயில் தொடங்கிய ஒரு காலையில் தபால்காரர் ஒரு பொதியைக் கொண்டுவந்தார். துணியில் தைத்த பொதி. தையலைப் பிரித்தேன். உள்ளே மடித்த கறுப்புக் கம்பளி, கயிறு, முடிச்சின் மேல் எங்கள் கந்தோர் முத்திரை. அரக்கில் ஒரு கீறல் இல்லை. சீட்டில் என் கையெழுத்து, பக்கத்தில் ஒரே இழுப்பில் அவருடையது. கம்பளி காய்ந்து இலேசாக இருந்தது.

கூட ஒரு கடிதம். யாரோ சின்னப் பிள்ளையின் உருண்டையான தமிழ் எழுத்து; அடியில் மட்டும் அவருடைய கையெழுத்து.

"கனம் ஐயா அவர்களுக்கு. பதினோராம் விதிப்படி என்னிடம் உள்ள பாதியை அனுப்பியிருக்கிறேன். முத்திரை உடைக்கப்படவில்லை. நேரில் வர எனக்குக் கால் இடம் தரவில்லை. நீங்கள் தனியே நிறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. பதினான்கு நாளுக்குள் பதில் எழுதாமல் விட்டதைப் பொருந்திக்கொள்ளவும். பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்டு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பவும்."

அவ்வளவுதான் இருந்தது. தாளின் மறுபக்கத்தையும் பார்த்தேன். தம்பி என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. பொருந்திக்கொள்ளவும் என்பதைப் பல முறை படித்தேன். அது கேலியா, ஹஜ்ஜுக்குப் போகும் முன் கேட்டதுபோல மனதாரக் கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து மற்றப் பாதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வெட்டிய ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தின. தராசு எடுக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். விதியில் அவர் முன்னிலை என்று இருக்கிறது.

பிறகு உட்கார்ந்து அவர் கேட்ட துண்டை எழுதினேன். அதிலாவது தாமதம் இருக்கக் கூடாது என்று அன்றே எழுதினேன்.

மாதிரிக் கம்பளியில் ஒரு பாதி, முத்திரை உடையாதது, பெற்றுக்கொண்டேன். 1939 பெப்ரவரி 17.